பட்டறைச் சாவி

1994 முதல் 2023 வரை ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்தேன். இயந்திரவியல் பிரிவு. கோவையைச் சுற்றி நூற்பாலைகளும் பம்ப்செட் கம்பெனிகளும் ஃபவுண்டரிகளும் நிறைந்த ஊர்களில் ஒன்றில்தான் அந்தப் பள்ளி இருக்கிறது. பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தவறு என்னுடையது. அந்தப் பள்ளி எனக்குச் சோறு போட்டது.

என்னிடம் படித்த பையன்களுக்கு நான் தொழில் கற்றுத் தரவில்லை. மதிப்பெண் கொடுத்தேன், அவ்வளவுதான். கடைசி இரண்டு வருடத்தை விட்டுவிட்டால் இதுதான் என் பணிக்காலம் முழுவதற்குமான உண்மை. எழுதி வைக்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பிளஸ் டூ படிப்பு 1978-ல் தமிழ்நாட்டுக்கு வந்தபோதே அதோடு சேர்ந்து வந்தது தொழிற்கல்விப் பிரிவு. பதினாறு, பதினேழு வயதில் ஒரு பையன் கையில் ஒரு தொழில் இருக்கட்டும், மேலே படிக்க விரும்பினால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் உருவான பிரிவு அது. எங்கள் பள்ளியில் அதற்கென்று கட்டிய பட்டறை இன்னும் இருக்கிறது. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெசின், எட்டு பெஞ்ச் வைஸ், ஒரு வெல்டிங் செட், ஒரு பட்டறைக்கல், மரப்பெட்டி நிறைய அரமும் ஸ்பேனரும். நான் சேர்ந்த அன்று எனக்கு முன்னால் இருந்தவர் இருப்புப் பதிவேட்டையும் பட்டறைச் சாவியையும் கையில் கொடுத்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். சாவி அன்றைக்கு என் பாக்கெட்டுக்குள் போனது.

செய்முறை வகுப்பு என்று கால அட்டவணையில் இருக்கும் நேரத்தில் நான் கரும்பலகையில் எழுதினேன். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முன்னெச்சரிக்கை. பையன்கள் அதை ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி, பக்கத்தில் பென்சிலால் படம் போட்டார்கள். ஹாக்ஸா பிளேடின் பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஹாக்ஸாவைக் கையில் பிடித்துப் பார்க்கவில்லை. பொதுத்தேர்வின்போது புறத்தேர்வர் வருவார். பட்டறையில் ஒரு இரும்பு பீரோ உண்டு. அதில் முந்தைய ஆசிரியர் காலத்துப் பையன்கள் அராவிச் செய்த சதுரப் பொருத்தம், வி-பொருத்தம் எல்லாம் ஒரு டிரேயில் இருந்தன. தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பையன்களை நிறுத்திவைத்து, உப்புத்தாள் போட்டு அவற்றின் துருவைத் தேய்க்கச் சொல்வேன். மறுநாள் மேசைமேல் பளபளவென்று வரிசையாக இருக்கும். எத்தனையோ வருடம் அதே இரும்புத் துண்டுகளுக்கு வேறு வேறு பையன்களின் பெயரில் மதிப்பெண் போட்டேன். ஒருமுறை தேய்த்துக்கொண்டிருந்த பையன் கேட்டான்: "இதை யார் பண்ணுனதுங்க சார்?" உங்கள் சீனியர்தான் என்றேன். "எங்களுக்கும் இப்படிப் பண்ண வருங்களா சார்?" என்றான். வெல்டிங் செட்டைத் துணி போட்டு மூடு என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

தலைமையாசிரியர்கள் மாறி மாறி வந்தார்கள். யாராவது கேட்டால் என்னிடம் காரணம் தயாராக இருந்தது. அரம் தேய்ந்தால், ட்ரில் பிட் உடைந்தால் பதிவேட்டில் கழிக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர் கேள்வி கேட்பார். பையனுக்குக் கையில் அடிபட்டால் பெற்றவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். இதற்கெல்லாம் மேல் சட்டத்தையும் இழுத்தேன். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், பதினெட்டு வயது நிரம்பாதவரை ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தைத் துடைக்கவோ, எண்ணெய் விடவோ, சரிசெய்யவோ விடக் கூடாது என்று இருந்தது. "சட்டமே தொடாதே என்கிறது, நான் எப்படித் தொட விடுவது?" என்பேன். அந்தச் சட்டம் சொன்னது தொழிற்சாலையில் ஓடும் எந்திரத்தைப் பற்றி. நிறுத்திவைத்த மோட்டாரைப் பள்ளிக்கூடத்தில் கழற்றிப் பார்க்க வேண்டாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஓடும் எந்திரத்தின் பக்கம் அந்த வயதில் போக முடியாது என்பதால்தான், நின்ற எந்திரத்தை வைத்து அடிப்படையைக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்கூடத்துப் பட்டறை மிகமிகத் தேவை. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தே மாற்றிச் சொன்னேன்.

உண்மையான காரணத்தை ஒரே ஒருவனைத் தவிர இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. எனக்கு வேலை தெரியாது.

டிப்ளமோ நன்றாகப் படித்தேன், மார்க்கும் வாங்கினேன். அதன்பின் நாலு வருடம் ஒரு டிராயிங் ஆபீசில் உட்கார்ந்து டிரேசிங் போட்டேன். பேரிங்கின் படத்தை எந்தக் கோணத்திலும் வரைவேன். ஒரு பேரிங்கைத் தண்டிலிருந்து கழற்றியதில்லை. லேத்தின் பாகங்களை மூச்சுவிடாமல் சொல்வேன். அதில் ஒரு கம்பியை மாட்டிக் கடைந்தால் கை நடுங்கும். பட்டறையைத் திறந்தால் பதினேழு வயதுப் பையன் என் கையைப் பார்ப்பான், பார்த்தால் தெரிந்துகொள்வான். அந்தப் பயத்தில்தான் பூட்டி வைத்தேன். இருப்புப் பதிவேடு அதற்கு ஒரு மறைப்பு.

2003 என்று நினைவு. மழைக்காலம் முடிந்து பள்ளி திறந்த ஒரு திங்கட்கிழமை, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடவில்லை. ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக், சிங்கிள் ஃபேஸ். சுவிட்சைப் போட்டால் 'உம்'மென்று உறுமியது, சுற்றவில்லை. மெக்கானிக்கல் சார் இருக்கிறாரே என்று தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே என் வகுப்புப் பையன்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவனுடைய அப்பா மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்ப்பவர். அவன் குனிந்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"சார், கெபாசிட்டர் போயிருச்சுங்க. கரண்டு வருதுங்க, அதான் உறுமுது. கிளம்பறதுக்கு ஒரு தள்ளு வேணுமில்லைங்க, அதைக் குடுக்கறது கெபாசிட்டர்தானுங்க. வெளிய அந்த டப்பாவுக்குள்ள இருக்குது. மெயினை ஆஃப் பண்ணீட்டு நான் கழட்டிக் காட்டட்டுங்களா?"

அவன் சொன்னது அத்தனையும் சரி. கெபாசிட்டர் மோட்டார் எப்படிக் கிளம்புகிறது என்று நான் வகுப்பில் எழுதிப் போட்டிருக்கிறேன். எழுதிப் போட்டதும் எதிரில் உறுமிக்கொண்டிருந்ததும் ஒன்றுதான் என்று என் மண்டையில் ஏறவில்லை. அவனுக்கு ஏறியிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உனக்கென்னடா தெரியும்? ஷாக் அடிச்சுச் செத்தா நானா பதில் சொல்றது? போய் உக்காரு" என்று கத்தினேன். அவன் முகம் சுருங்கிப்போனது. ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

டவுனிலிருந்து மெக்கானிக் வர இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் பள்ளியில் தண்ணீர் இல்லை. பெண் பிள்ளைகள் பாதி நாளிலேயே வீட்டுக்குப் போனார்கள். மெக்கானிக் வந்தார், டப்பாவைத் திறந்தார், புது கெபாசிட்டரை மாட்டினார். பத்து நிமிட வேலை. அன்றைக்கே வகுப்புக்குப் போய், "நீ சொன்னதுதாண்டா சரி" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க அவன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. செய்முறைத் தேர்வில் அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன். அதைக் கொண்டு சரிக்கட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைச் சொல்வது இன்னும் கடினம். அந்தப் பையன்களைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம். பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களைத்தான் எங்கள் குரூப்பில் தள்ளினார்கள். ஆசிரியர் அறையில் எங்கள் வகுப்பைப் பற்றிப் பேசினால் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பாஸ் ஆனால் போதும் என்பதுதான் அவர்கள்மேல் எனக்கிருந்த அதிகபட்ச ஆசை. சேர்க்கைக்கு வந்த ஒரு அம்மா, பஞ்சு ஒட்டிய சேலையோடு மில் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர், கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார்: "அவனுக்குப் படிப்பு வரலீங்க சார். ஏதாச்சும் ஒரு கைத்தொழிலாச்சும் சொல்லிக் குடுத்துருங்க சாமி, பொழச்சுக்குவான்." சரிம்மா, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பையன் இரண்டு வருடம் என்னிடம் எழுதினான். வெளியே போகும்போது ஒரு நட்டைச் சரியான ஸ்பேனர் போட்டு இறுக்கத் தெரியாதவனாகத்தான் போனான்.

2019 கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் அந்தக் கெபாசிட்டர் பையனைப் பார்த்தேன். பையன் என்ன, முப்பதைத் தாண்டிய ஆள். ஹெல்ப்பராகச் சேர்ந்து, பகுதி நேரமாகப் படித்து, ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பொறுப்பில் இருந்தான். எழுந்து வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். "ஒரு நாள் மில்லுக்கு வாங்க சார். நம்ம பள்ளிக்கூடத்துப் பசங்க ரெண்டு பேரு புதுசாச் சேந்திருக்காங்க. உங்ககிட்டப் படிச்சவங்கதான்" என்றான்.

போனேன். ரிங் ஃபிரேம் கூடத்துக்குள் நுழைந்ததும் பேச்சுச் சத்தம் காதில் விழவில்லை. ஒரு ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேல் ஸ்பிண்டில், ஒவ்வொன்றும் நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுக்குக் குறையாமல். அந்த இரைச்சலில் ஒரு மெசின் பக்கம் போய் நின்று, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் ஹவுசிங்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். "இது இன்னும் பத்து நாளைக்குத் தாங்கும் சார். ஞாயித்துக்கெழமை மாத்திருவேன்" என்றான். இரண்டு மெசின் தள்ளி ஒரு ஃபிரேம் நிறுத்தப்பட்டிருந்தது. மெயின் சுவிட்சை இறக்கி, அதன் கைப்பிடியில் ஒரு பூட்டை மாட்டிப் பூட்டி, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினான். மெசின் அசையவில்லை. அதன்பிறகுதான் கையை உள்ளே விட்டான். பூட்டிய பிறகு எதற்கு பட்டனை அழுத்துகிறாய் என்று கேட்டேன்.

"ஆஃப் பண்ணீட்டோம்னு நாம நெனைக்கறது வேறைங்க சார். மெசின் ஓடாதுங்கறது வேறைங்க."

இந்த ஒரு பழக்கம் எத்தனை விரல்களைக் காப்பாற்றும்! இருபத்தைந்து வருடத்தில் என் கரும்பலகையில் இது ஒருநாளும் ஏறவில்லை. 'முன்னெச்சரிக்கை' என்ற தலைப்பின்கீழ் 'தளர்வான ஆடை அணியக் கூடாது' என்று எழுதிப் போட்டிருக்கிறேன்.

பட்டறைப் பக்கம் அழைத்துப் போனான். என் இரண்டு மாணவர்களும் அங்கே இருந்தார்கள், என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார்கள். அவன் ஒரு புது பேரிங்கை எடுத்து ஒருவன் கையில் கொடுத்து, "இது எந்த அளவு ஷாஃப்டுக்குப் போகும்?" என்றான். பேரிங்மேல் 6205 என்று இருந்தது. பையன் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. பக்கத்தில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்த ஹெல்ப்பர், எட்டாவதோடு பள்ளியை விட்டவர், நிமிராமலே "இருவத்தஞ்சு" என்றார். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்க வேண்டும். 05 என்றால் 25 மில்லிமீட்டர். ஒரு நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கக் கூடிய விஷயம்.

இன்னொருவன் அந்த பேரிங்கைத் தண்டில் ஏற்றப் போய், சுத்தியலால் வெளி வளையத்தில் ஓங்கித் தட்டினான். கெபாசிட்டர் பையன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். "கண்ணு, உள் வளையத்துல பைப்பை வெச்சுத் தட்டோணும். வெளிய தட்டுனா அந்த அடி குண்டு வழியா இறங்கும். ஓடுபாதையில குழி விழுந்துரும். மாட்டும்போதே கொன்னுபோட்ட மாதிரி." அடி படாத வேறொரு பேரிங்கை எடுத்துக் கொடுத்து மறுபடி செய்யச் சொன்னான். கோபப்படவே இல்லை.

அதற்குப் பிறகுதான் என்னிடம் அதைக் கேட்டான். குற்றமாகக் கேட்கவில்லை, அவன் முகத்தில் அது துளியும் இல்லை. வேலைக்குத் தேவையான ஒரு விவரமாகத்தான் கேட்டான்.

"சார், ரெண்டு வருசத்துல இவங்களுக்கு நீங்க என்னென்ன சொல்லிக் குடுத்திருக்கீங்கன்னு சொன்னீங்கன்னா, நான் அதுக்கு மேல இருந்து ஆரம்பிச்சுக்குவேன்."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்றிரவு தூங்கவில்லை.

அடுத்த மாதமே அவனிடம் போய் நின்றேன். "எனக்கு வேலை தெரியாது, கத்துக்கொடு" என்றேன். முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அவனிடம்தான். ஒரு நொடி தலைகுனிந்து நின்றுவிட்டு, "ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வாங்க சார், ஷட்டவுன் இருக்கும்" என்றான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வரும்வரை போனேன். ஐம்பத்தாறு வயதில் அரம் பிடித்தேன். பள்ளி திறந்தபின் 2021-ல் பட்டறையைத் திறந்தேன். லேத்தின் பெல்ட் இற்றுக் கிடந்தது. மாற்றக் கேட்டு ஒரு கடிதம்கூட நான் எழுதியிருக்கவில்லை. எழுதினேன், மூன்று மாதத்தில் வந்தது. அத்தனை வருடம் பணம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை.

பாடத்துக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடமே பழுதால் நிறைந்திருந்தது. சத்தம் போடும் மின்விசிறிகளை இறக்கினோம். உள்ளே 6202, 6201. ஐந்தால் பெருக்கும் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. 02 என்றால் 15 மில்லிமீட்டர், 01 என்றால் 12. பையன்கள் வெர்னியர் வைத்து அளந்து அதை அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்கெல்லாம் முன்னால், முதல் வகுப்பில், ஆளுக்கொரு சின்னப் பூட்டு வாங்கிக் கொடுத்தேன். எவன் கழற்றுகிறானோ அவன் பூட்டு மெயினில் தொங்க வேண்டும், சாவி அவன் பையில் இருக்க வேண்டும். அந்த இரண்டு வருடப் பையன்கள், ஏறக்குறைய நாற்பது பேர், ஓரளவுக்கு வேலை தெரிந்து வெளியே போனார்கள். ஓரளவுக்குத்தான். நானே அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய இருபத்தேழு வருடப் பையன்கள் அறுநூறு பேருக்குக் குறையாது. அவர்களில் யாராவது இதைப் படித்தால்: உங்கள் மதிப்பெண் பட்டியலில் செய்முறைக்கு நான் போட்ட எண் பொய். நேர்காணலில் நீங்கள் விழித்து நின்றதற்கும், ஹெல்ப்பராகவே பல வருடம் கிடந்ததற்கும், எட்டாவது படித்தவர் முன்னால் கூசியதற்கும் நீங்கள் காரணமில்லை. உங்களுக்கு வராது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அதை விட்டுவிடுங்கள். உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. மன்னித்துவிடுங்கள்.

2023 மே மாதம் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. பட்டறை மறுபடியும் பூட்டிக் கிடக்கிறது. சாவி தலைமையாசிரியர் மேசையின் வலதுபக்க இழுப்பறையில் இருக்கிறது. வாரம் மூன்று நாள் வருகிறேன், சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெளியாள் ஒருவரை விட விதியில் இடமிருக்கிறதா என்று மேலே கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஊர்க்காரர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் ஒரு வார்த்தை சேர்ந்து கேட்டால் கதவு திறக்கும். கேளுங்கள்.